கூடவே ஓடிய அக்கா

அவரை நினைத்தாலே அவர் ஓடுகிற விதம்தான் எனக்கு முதலில் கண்முன் வரும். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் கிடக்கும் கடைத் துண்டை இடது கையில் சுருட்டிப் பிடித்தபடி, பிள்ளைகள் விளையாடும் கோட்டுக்கு வெளியே அவர்களுக்கு இணையாக ஓடுவார். கோட்டுக்குள் கால் வைக்க மாட்டார். பிள்ளைகள் திரும்பினால் அவரும் திரும்புவார். அவர்கள் நின்றால் அவரும் நின்று மூச்சு வாங்குவார். நாற்பது வயதை ஒட்டிய, கொஞ்சம் பருத்த உடம்பு. காலையிலிருந்து அடுப்படியில் நின்ற கால்கள். எங்கிருந்து அவருக்கு அந்த ஓட்டம் வந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

தொப்பூர் கணவாய் இறக்கத்துக்குச் சற்று முன்னால், லாரிகள் பிரேக் பார்க்க நிற்கும் இடத்தில், அவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்களுக்கு அவர் கடைக்காரம்மா. எனக்கு அக்கா. ரோடு வேலை வந்தபோது அந்தக் கடை போய்விட்டது. அக்காவும் கர்நாடகாப் பக்கம் தம்பி வீட்டோடு போய்விட்டார். அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. எழுதினால் கூச்சப்படுவார்.

அவரை நான் முதலில் பார்த்தது தர்மபுரி ஆஸ்பத்திரி வராந்தாவில். என் மகள் இனியாவுக்கு அப்போது எட்டு வயது. திடீரென்று உடம்பு இளைத்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். சோதித்துப் பார்த்து, இது சிறுவயதிலேயே வருகிற சர்க்கரை நோய், ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு சுகரா என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாப்பாரப்பட்டியில் எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயம். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் பிள்ளையை விளையாட விடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வோம். ஓடினால் சுகர் இறங்கி மயக்கம் வரும் என்பது மட்டும்தான் எங்கள் காதில் விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை. வாரம் ஒருமுறை வருவார். பிள்ளை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும் என்று அவர்தான் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். இனியாவும் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

அன்றைக்கும் வராந்தாவில் என் மடியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா, கூடவே பதிமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அந்தப் பெண் அவர் மகள் பவித்ரா. சட்டையை லேசாகத் தூக்கி, ஊரே பார்க்க, வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்தாள். நான் பதறிப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பாவுக்கும் இதுதானுங்களா?"

மறைக்கத் தோன்றவில்லை. ஆமாம் என்றேன்.

"வெளையாடுதா?"

இனியாவின் கையில் இருந்த போனையும் அவள் முகத்தையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளை எப்போது சாப்பிட்டாள், இப்போது சுகர் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். அப்போதுதான் உள்ளே சோதித்திருந்தார்கள், சொன்னேன். அப்புறம் எனக்கு ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். இனியாவின் தோளைத் தட்டி, "என்னத் தொட்டுடு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெளியே வேப்ப மரத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டார்.

மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்ற ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு வளர்ந்த பொம்பளை ஆஸ்பத்திரி வாசலில் மரத்தைச் சுற்றி ஓடுகிறார். இனியா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போன் என் மடியில் விழுந்தது. அவள் ஓடிவிட்டாள். மரத்தை இரண்டு சுற்று சுற்றி, அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அவுட்டு!" என்று கத்தினாள். என் மகளின் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பூருக்கு பஸ் ஏறுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வார நாட்களில் மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், நகர முடியாது. ஞாயிறு கடைக்கு லீவு.

அக்காவின் கடைக்குப் பின்னால் லாரிகள் ஒதுங்கும் பொட்டல் ஒன்று இருந்தது. அதில் பாதியை அடுப்புச் சாம்பலால் கோடு கிழித்துப் பிரித்து வைத்திருந்தார். சாம்பலுக்கு அந்தப் பக்கம் எந்த லாரியும் வராது. வந்தால் அந்த டிரைவருக்குச் சாப்பாடு கிடையாது. சுற்றுப்பட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். கோ-கோதான் பிரதானம். பவித்ரா அதில் புலி. வளைந்து நெளிந்து ஓடி, துரத்துகிற பிள்ளையின் கைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நழுவிப் போவாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் டிரைவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கர்நாடகாவிலிருந்து வரும் வயசான டிரைவர் ஒருவர் "ஓடு மகளே, ஓடு!" என்று கத்துவார். அவர் கன்னடத்தில்தான் கத்துகிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ரெண்டு பாஷையிலும் அது ஒரே வார்த்தைதான் என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

விளையாட்டு ஆரம்பிக்கும் முன் அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் விரலில் குத்திப் பார்ப்பார். வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுப்பார். டாக்டரம்மா சொன்னதிலிருந்து இம்மியும் மாற மாட்டார். நடுவில் பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது போய்ப் பின்கழுத்தில் கை வைப்பார். வியர்வை சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பாராம். சில்லென்று இருந்தால் உட்கார வைத்து மறுபடி சோதிப்பார். இதெல்லாம் போக, ஆட்டம் முழுக்கக் கூடவே ஓடுவார்.

அந்த மனுஷி ஒருநாளும் ஒரு பிள்ளையைப் பார்த்து "பாத்து, விழுந்துருவ" என்று சொல்லி நான் கேட்டதில்லை. முட்டி பேர்ந்து வந்தால் கழுவி விடுவார். அழுதால் அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஓடாதே என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. எனக்கு அது முதலில் அதிசயமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவருக்குப் பிள்ளை மேல் பாசம் இருக்கிறதா இல்லையா என்று கூட ஒருநாள் நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் பெரிய சண்டை. சோறு விக்கிறவங்க பேச்சைக் கேட்டுப் பிள்ளையைப் பணயம் வைக்கிறாயா என்றார். டாக்டர் சொன்னதைத்தான் அக்கா செய்கிறார், நாம்தான் செய்யவில்லை என்றேன். ஒருநாள் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். வந்த அன்றைக்கா அது நடக்க வேண்டும்.

ஆட்டம் மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தது. இனியா ஓடுகிற அணி. திடீரென்று அவள் ஓட்டம் கோணலாகப் போனது. கால் பின்னியது. நின்று, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் மாதிரி பார்த்தாள். என் வீட்டுக்காரர் பாய்ந்தார். அவருக்கு முன்னால் அக்கா அங்கே இருந்தார். கூடவே ஓடிக்கொண்டிருந்தவர் அல்லவா, ஒரு எட்டுதான். ஆட்டத்தின் நடுவே முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். பிள்ளையைத் தரையில் உட்கார வைத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். விரலைக் குத்திப் பார்த்தார். துண்டு முனையில் முடிந்து வைத்திருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கூடி நின்ற பிள்ளைகளிடம், "பயப்படாதீங்க. இனியாவுக்கு சுகர் எறங்கிருச்சு. இப்ப ஏறிக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னார். எங்கள் தெருவில் நாங்கள் பொத்திப் பொத்தி மறைத்த சமாச்சாரம். அதைக் கேட்ட பிள்ளைகள் "அப்படிங்களா" என்று விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி இனியாவுக்குத் துண்டால் விசிறினாள்.

என் வீட்டுக்காரர், போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் பொறுங்க சார், பாப்பாவே சொல்லட்டும் என்றார். கால் மணி நேரம் போல ஆனது. மறுபடி குத்திப் பார்த்தார். ஏறியிருந்தது. ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். இனியாவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நான் இன்னும் அவுட் ஆகலப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை, அழவில்லை. ரோட்டில் லாரிகள் இறக்கத்துக்காக கியர் மாற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டார். அக்கா ஓடும் கோட்டுக்கு எதிர்ப்புறக் கோட்டில் போய் நின்றார். அன்றைக்கு மீதி ஆட்டம் முழுக்க என் மகளுக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் அவள் அப்பா. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா தன் கதையை எனக்குச் சொன்னது வேறொரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. நீங்கள் எப்படி இவ்வளவு தைரியமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

பவித்ராவுக்கு நோய் வந்த முதல் வருஷம் அவரும் எங்களைப் போலத்தான் இருந்தாராம். பள்ளிக்கூடத்தைக்கூட நிறுத்திவிட்டார். கடைக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையில் பிள்ளையை வைத்துப் பூட்டிவிட்டு வியாபாரம் பார்ப்பார். வேளைக்கு ஊசி, வேளைக்குச் சோறு. ஆனாலும் சுகர் ஒரு நிலையில் நிற்கவில்லை. பிள்ளைக்குத் தூக்கம் இல்லை, பசி இல்லை, பேச்சு இல்லை. ஒருநாள் சோறு ஊட்டும்போது பவித்ரா நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நான் எப்பச் சாவேன்?" என்று கேட்டிருக்கிறாள். மணி என்ன என்று கேட்கிற மாதிரி.

"அன்னிக்கு நான் கதவத் தொறந்து வுட்டேன் கண்ணு. பின்னால ஒரு ஆட்டுக்குட்டி நின்னுச்சு. அது தொரத்தச் சொல்லி ஓடுச்சு, இவளும் தொரத்துனா. கீழ வுழுந்தா, மேலெல்லாம் மண்ணு. வுழுந்து கெடந்துக்கிட்டே சிரிக்கறா. ஒரு வருசம் கழிச்சு எம்புள்ள சிரிக்கறா. பூட்டி வெச்சு நான் அவ உசுரக் காப்பாத்தல, என் பயத்தத்தான் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

அப்படியென்றால் இப்போது பயம் இல்லையா என்று கேட்டேன். வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"பயம் இல்லாம எதுக்கு நான் கூடவே ஓடறேன்? உக்காந்து வேடிக்க பாக்க மாட்டனா? பயம் எங்கிட்டவே இருந்துட்டுப் போவட்டும். அவ எதுக்கு அதத் தூக்கிக்கிட்டு ஓடணும்."

அன்று சாயங்காலம் அவர் ஓடுவதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தைரியசாலி என்று இவ்வளவு நாள் நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷி, வாரா வாரம், ஆட்டம் முடியும் வரை, பயத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

இனியா மாறியதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் தூக்கம் வந்தது. படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். பிறகு பசி. பிறகு, இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை, சண்டை. "நீ கள்ள ஆட்டம் ஆடுற" என்று தெருப் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்தாள். யாரோடும் பேசாமல் கிடந்த பிள்ளை சண்டை போடுவதைக் கதவோரம் நின்று ஆசையாகக் கேட்டேன். பாடத்திலும் மனம் நின்றது. சுகர் முன்னைப் போலத் தாறுமாறாக ஏறி இறங்குவது குறைந்திருந்தது. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன். ஊசி அளவைக் கொஞ்சம் மாற்றி எழுதினார். எங்கள் தெருவிலும் நாங்களே சொல்லிவிட்டோம், இப்போது எல்லாருக்கும் தெரியும். ஏரிக்கரைப் பக்கம் விளையாடப் போகும்போது எந்தப் பிள்ளையாவது ஒன்று இனியாவின் குளுக்கோஸைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகும்.

பவித்ராவின் பள்ளி ஒரு கோ-கோ போட்டிக்குப் போனபோது நானும் பார்க்கப் போயிருந்தேன். போட்டி நடந்த இடத்துப் பொறுப்பாளர், இப்படிப்பட்ட உடம்புள்ள பிள்ளையை ஆட விட முடியாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று நிறுத்திவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் முகத்திலும் எங்களுக்குத் தெரிந்த அதே பயம்தான் இருந்தது. அக்கா கோபப்படவில்லை. டாக்டரம்மா கொடுத்திருந்த சான்றிதழைக் காட்டினார். அவர் அப்போதும் தயங்கினார்.

"ஆடுனா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாது சார், நீங்க பயப்படறது நியாயந்தான்" என்றார் அக்கா. "ஆடலீன்னா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். ஒரு வருசம் பாத்துருக்கேன்."

பொறுப்பாளர் ஒதுங்கி நின்று, போகச் சொல்லிக் கை காட்டினார். பவித்ரா ஆடினாள். அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வது? துரத்த வந்த ஒவ்வொரு பிள்ளையும் அவள் இருந்த இடத்தைத்தான் தொட்டது, அவளைத் தொடவில்லை. விசில் ஊதும் வரை அவள் அவுட் ஆகவில்லை. அந்தப் பொறுப்பாளரே எழுந்து நின்று கை தட்டினார். கோட்டுக்கு வெளியே கூடவே ஓடிய அக்காவுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் பவித்ராவுக்கு வெளியூரில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. அங்கேயே தங்கி, படித்து, ஆட வேண்டும். ஊசி, சோதனை, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். விடுதிக்காரர்களிடம் விவரமாகப் பேசிவிட்டு அக்காவே கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். பொங்கல் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பவித்ரா, நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள். அக்கா சரி என்றார்.

அன்று மத்தியானம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வழியனுப்பப் போனேன். பவித்ரா டிராக் சூட் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் கூடையோடு ஒரு நடுத்தர வயசு அம்மா. பஸ் கிளம்பும் முன் பவித்ரா அந்த அம்மாவின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். கீழே ஜன்னலை ஒட்டி நின்ற எங்களுக்கும் கேட்டது.

"எனக்கு சுகர் இருக்குதுங்க. வழியில நான் உளறுனா, மயக்கமா இருந்தா, இந்தப் பையில குளுக்கோஸ் இருக்குது. கொஞ்சம் குடுத்துருங்க."

இன்ஜின் சத்தத்தில் அந்த அம்மா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. அக்கா கை காட்டினார். பஸ் திரும்பி மறையும் வரை நின்றார். மறைந்ததும் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டியா கண்ணு?" என்றார்.

இல்லை என்றேன். நோயைப் பற்றி ஏதாவது மனம் நோகச் சொல்லிவிட்டாரோ என்று எனக்குப் பதறியது.

"எந்த ஆட்டம் ஆடுற சாமின்னு கேட்டாங்க" என்றார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "வேற ஒண்ணுமே கேக்கல. எந்த ஆட்டம் ஆடுறன்னுதான் கேட்டாங்க."